இருபத்துநாலு தட்டு

சங்குமுனை உப்பு ரசாயன ஆலையின் குடியிருப்பில், சி பிளாக் கீழ்வீட்டுக் கணினித் திரையின் உச்சிக்குப் போய் மறைந்த ஒரு வரி, அதற்கு நேர் மேலே இருந்த வீட்டின் சமையலறைத் தரையில் பச்சை நிறத்தில் முளைத்தபோது, அந்த வீட்டுக்காரி பரிபூரணம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "சொசைட்டியில துவரம்பருப்பு வந்திருக்காம், சீக்கிரம் போனா கிடைக்கும்" என்று விரல் உயர எழுத்தில் எழுந்த அந்த வரி, தரையைக் கடந்து, அடுப்பு மேடையைச் சுற்றிக்கொண்டு, சுவரில் ஏறி, அஞ்சறைப் பெட்டியின் பின்னால் புகுந்து வெளியே வந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கூரையைத் தொட்டு அதற்குள் போய்விட்டது. பரிபூரணம் முதலில் செய்த காரியம் பையை எடுத்துக்கொண்டு பருப்பு வாங்கப் போனது. இரண்டாவது செய்த காரியம் சந்தேகப்பட்டது.

சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்தது. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கூடிவிட்டது என்பாள், சிரிக்காமல் போனால் தான் கண்டுபிடித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது என்பாள். ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவள் கணவர் தாணுலிங்கம், தினம் நூறு புட்டி உப்புநீரைச் சந்தேகப்பட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவர் ஆகையால், வீட்டில் எதையும் சந்தேகப்படுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். "எழுத்துதானே ஏறுது, எறும்பா ஏறுது?" என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரைப் புரட்டினார். தரையில் கிடந்த வரியைத் தாண்டித்தான் அவள் அன்று ரசம் வைத்தாள்.

இது நடந்த காலத்தில் வீட்டுக் கணினி என்பது ஒரு தொலைக்காட்சியையும் தட்டச்சு இயந்திரத்தையும் சேர்த்துக் கட்டியதுபோல இருந்தது. ஆலை அலுவலகத்துக்குப் புதியவை வந்ததும் பழையவற்றைக் குடியிருப்பின் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆலையின் உள்தொலைபேசி எல்லா வீட்டுக்கும் இருந்தது. கிரீச்சென்று கத்தும் ஒரு சிறு பெட்டியை நடுவில் மாட்டி, தூதன் என்ற புரோகிராமை ஓட்டினால், ஒரு வீட்டில் அடித்தது, அடித்த இடத்தின் தொலைபேசி எண் முன்னால் வர, இன்னொரு வீட்டுத் திரையில் வரும். தூதனை எழுதியவன் ஆலையில் ஒன்பது மாதம் வேலை பார்த்த இளம் இன்ஜினியர், வேலை முடிவதற்குள் வெளிநாடு போய்விட்டான், விலாசம் தரவில்லை. அதனால் தூதனில் இல்லாதவை ஏராளம். அழிக்கிற பொத்தான் வேலை செய்யாது, ஆகவே தப்பாக அடித்தவர்கள் "தப்பு" என்று அடித்துவிட்டு மறுபடி அடித்தார்கள், அந்தப் பழக்கத்தில் நேரில் பேசும்போதே "அவர் வந்தார், தப்பு, வரலை" என்று பேசவும் ஆரம்பித்தார்கள். அடுத்த அறையில் யாராவது போனை எடுத்தால் திரையெங்கும் குப்பை எழுத்து கொட்டும், அதற்காக ரிசீவர் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார்கள். தமிழ் எழுத்து வராது, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, திரையில் இருபத்துநாலு வரிதான் நிற்கும், இருபத்தைந்தாவது வந்ததும் முதல் வரி மேலே போய்விடும், போனது போனதுதான், திரும்பப் பார்க்க வழியே கிடையாது. மீன்குழம்புப் பக்குவம் கேட்டால் புளி கரைக்கிற இடம் வருவதற்குள் மசாலா அரைத்த இடம் போய்விடும். இதற்காகவே ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதுவதென்று வீட்டுக்கு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள்.

மனமகிழ் மன்றத்தில் கேரம்போர்டுக்குப் பக்கத்தில் ஆசைப் புத்தகம் என்று ஒரு நீள நோட்டு தொங்கும். தூதனில் என்னென்ன வேண்டும் என்று அதில் எழுதலாம். நிறைவேற்ற ஆள் இல்லாவிட்டாலும் எழுதுவதை யாரும் நிறுத்தவில்லை. "மேலே போன வரி திரும்பக் கிடைக்க வேண்டும்" என்று பதினேழு பேர் எழுதியிருந்தார்கள், அதில் இரண்டு பேர் கீழே கோடும் போட்டிருந்தார்கள்.

அந்த ஆசைதான் இப்படி நிறைவேறியது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே ஏ பிளாக்கிலும் பி பிளாக்கிலும் வரிகள் ஏறின. கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர் வந்து தரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, புகார்ப் புத்தகத்தில் "கசிவு, மேல்நோக்கி" என்று எழுதி, இரண்டு கோட் வெள்ளையடித்துவிட்டுப் போனார். வெள்ளையடித்த சுவரில் பச்சை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. ஆங்கில எழுத்தில் அடித்தது கான்கிரீட்டைத் தாண்டும்போது தமிழ் எழுத்தாகிவிட்டது, அது ஆசைப் புத்தகத்தின் இரண்டாவது ஆசை, முதல் ஆசையோடு கூடச் சேர்ந்து கிடைத்தது. அப்புறம் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். பக்குவம் தப்பவிட்ட கீழ்வீட்டுக்காரி ஜன்னலில் தலையை நீட்டி, "யக்கா, வெந்தயம் எவ்வளவுன்னு உங்க தரையில பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். வீட்டுப்பாடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் மேல்வீட்டுச் சுவரைப் பார்த்து எழுதின. வரிகள் முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கும், அங்கிருந்து மொட்டைமாடிக்கும் ஏறி, காயப்போட்ட துணிகளுக்கு நடுவே கொஞ்சம் நின்றுவிட்டு, கடற்காற்றில் போயின. "எழுத்து சமையலறை வழியாக வராமல் படிக்கட்டு வழியாக வர ஏற்பாடு செய்யவும்" என்று யாரோ புத்தகத்தில் எழுதினார்கள், அது மட்டும் நடக்கவில்லை.

வசதி பழகியதும் பயம் வந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் எழுதுவதை இரண்டு வீடு படிக்கும், நடுவீட்டுக்காரர்கள் எழுதுவதை ஒரு வீடு படிக்கும், மேல்வீட்டுக்காரர்கள் எழுதுவதைக் காக்காதான் படிக்கும். வெயிலுக்குப் பயந்து, தண்ணீர் ஏறாது என்று சொல்லி இதுவரை யாரும் சீந்தாத இரண்டாம் மாடி வீடுகளுக்கு இப்போது போட்டி வந்தது. சி பிளாக்கின் இரண்டாம் மாடியில் இருந்த உலகம்மை, முன்பெல்லாம் தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு எல்லாரிடமும் கெஞ்சுகிறவள், இப்போது குழாயடிக்கு வந்தால் நாலு பேர் தாங்களாக வழிவிட்டார்கள். யார் வீட்டில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் டைம் ஆபீஸ் ஞானதுரை ஒரு விஷயம் கண்டுபிடித்தார். மன்றத்தின் செயலாளர் அவர், எதையும் எண்ணிப் பார்க்கிறவர். கடைசித் திரை ஏறுவதில்லை என்றார் அவர். பேச்சு முடிந்து கணினியை அணைத்துவிட்டால், திரையில் அப்போது நிற்கும் இருபத்துநாலு வரி தள்ளப்படாமல் அப்படியே போய்விடுகிறது, அதை மேல்வீடு பார்ப்பதே இல்லை. குடியிருப்பு முழுதும் ஒரு வாரம் இதையே பேசியது. அப்படியானால் எல்லாரும் முக்கியமானதைக் கடைசியில்தானே சொல்லியிருப்பார்கள்? இத்தனை நாள் நாம் படித்ததெல்லாம் உமியா? ஞானதுரை ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவரும் எண்டர் பொத்தானை இருபத்துநாலு தடவை தட்டி, கடைசித் திரையையும் மேலே அனுப்பிவிட வேண்டும், மறைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு இதில் சிரமம் இருக்காது என்று அதில் இருந்தது. கட்டாயம் என்று எங்கேயும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. பிற்பகல்களில் வீட்டுக்கு வீடு டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது, மாடியில் இருக்கிறவர்கள் மனதுக்குள் எண்ணினார்கள், இருபத்துமூன்றில் நின்றால் மறுநாள் குழாயடியில் அதுதான் பேச்சு. தட்டுகிற வீடு, தட்டாத வீடு என்று குடியிருப்பே இரண்டாகியது. பரிபூரணம் இருபத்தைந்து தட்டுவாள், ஒன்று கொசுறு.

சி பிளாக்கில் தட்டாத வீடு ஒன்றுதான். அது பரிபூரணத்தின் வீட்டுக்கு நேர் கீழே, லூர்துவின் வீடு.

லூர்துவைவிட நெருக்கமான மனுஷி பரிபூரணத்துக்கு அந்தக் குடியிருப்பில் இல்லை, சரியாகச் சொன்னால் அவள் மட்டும்தான் இருந்தாள், மற்றவர்களையெல்லாம் பரிபூரணம் சந்தேகப்பட்டே தீர்த்துவிட்டிருந்தாள். சமையலறை ஜன்னல் வழியாகக் கயிற்றில் கூடை இறக்கி, இவள் தோசைமாவு அனுப்பினால் அவள் கருவாடு வைத்து அனுப்புவாள். பதினோரு வருஷமாக இறங்கி ஏறிய கூடை அது. லூர்துவின் கணவன் சூசைமாணிக்கம் பாய்லர் ஆபரேட்டர், நல்ல உழைப்பாளி, திக்குவாய். அவன் முதல் எழுத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் மீதியைச் சொல்லி முடித்துவிடுவார், அவனும் தலையாட்டிவிடுவான், அவன் சொல்ல வந்தது அதுதானா என்று யாரும் திரும்பக் கேட்டதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசி யாரும் கேட்டதுமில்லை. பரிபூரணத்துக்கு அவன்மேல் எப்போதும் ஒரு இரக்கம் உண்டு.

சூசை இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிற வாரங்களில், மூன்று மணிக்கு லூர்துவின் வீட்டில் அந்தச் சிறு பெட்டி கிரீச்சிடும். ஒரு வரிகூட மேலே வராது. அரைமணி நேரம் கழித்துக் கணினி அணையும், தட்டு கிடையாது. அளந்து பேசுகிறாள், இருபத்துநாலுக்குள் முடித்துக்கொள்கிறாள் என்பது பரிபூரணத்துக்குப் புரிய நேரமாகவில்லை. வெங்காயம் விலை பேசுகிறவள் எதற்கு வரியை எண்ணுகிறாள்?

ஒருநாள் லூர்து எண்ணிக்கையில் தவறிவிட்டாள். நாலு வரி மேலே வந்தது. பரிபூரணம் குனிந்து நின்று படித்தாள்.

41: வந்துட்டியா
வந்தாச்சு
41: மேல்வீட்டு அக்கா தூங்கியாச்சா
தூங்கியாச்சு, குறட்டை கேக்குது

பரிபூரணம் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. தான் குறட்டை விடுவதில்லை என்பது அவள் முதல் எண்ணம். நாற்பத்தொன்று யார் என்பது இரண்டாவது. டெலிபோன் பட்டியலை எடுத்துப் பார்த்தாள், நாற்பது கேன்டீன், நாற்பத்திரண்டு தீயணைப்பு, நடுவில் நாற்பத்தொன்று என்ற எண்ணே இல்லை. போனை எடுத்து அந்த எண்ணைச் சுழற்றினாள், கிரீச்சென்ற கத்தல்தான் கேட்டது. பட்டியலில் இல்லாத ஒருவன், அவள் தூங்கினாளா என்று கேட்டுக்கொண்டு, பகல் மூன்று மணிக்கு, சூசை பாய்லர் முன்னால் வெந்துகொண்டிருக்கும் நேரத்தில்.

அன்று கூடையை இறக்கும்போது ஜன்னல் வழியாகக் கேட்டாள். "ஏட்டி லூர்து, மத்தியானம் யார்ட்ட பேசுத?"

"சும்மாதான் யக்கா."

"சும்மான்னு ஒரு ஆளு இருக்காரா?"

"நீங்க போய்ப் படுங்கக்கா, வெயிலு கொல்லுது" என்றாள் லூர்து. கூடையை எடுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். அவள் ஜன்னலைச் சாத்திப் பரிபூரணம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பரிபூரணத்துக்கு மூன்று மணிக்குத் தூக்கம் போயிற்று. தரையில் பாய்கூடப் போடாமல் படுத்து, வேண்டுமென்றே குறட்டை விட்டுக்கொண்டு, காதைத் தரையில் வைத்துக் கேட்டாள். கீழே பொத்தான்கள் ஓடும் சத்தம், நடுவில் லூர்து சிரிக்கும் சத்தம். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் தன்னிடம் லூர்து இப்படிச் சிரித்ததில்லை என்பது சுருக்கென்று தைத்தது. நம்மைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்று ஒருநாள் நினைத்தாள், அந்த அப்பாவி மனுஷனுக்குத் துரோகம் நடக்கிறது என்று மறுநாள் நினைத்தாள், எது பெரிய குற்றம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. குழாயடியில் உலகம்மை, "உங்க கீழ்வீடு ரொம்ப சுத்தம் போலிருக்கே, ஒரு வரி வரமாட்டேங்குது" என்று கேட்டபோது, தோழியை விட்டுக்கொடுக்கவும் மனசில்லாமல் விட்டுவிடவும் மனசில்லாமல், "அவளுக்கு டைப் அடிக்க வராது" என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து தாணுலிங்கத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உனக்கு என்ன தெரியணும்?" என்று கேட்டார் அவர்.

"அவ என்னைய என்ன சொல்லுதான்னு தெரியணும்."

"போய்க் கேளு."

"கேட்டா பொய்தான வரும்?"

தாணுலிங்கம் பேப்பரை மடித்து வைத்தார். "அப்ப உண்மை வந்தாலும் உனக்குப் பொய்யாத்தான் இருக்கும்" என்றார். அவள் அதையும் சந்தேகப்பட்டாள்.

கேஸ் லாரி வந்தது ஒரு வியாழக்கிழமை. மூன்றேகாலுக்கு வாசலில் ஹாரன் அடித்ததும் கீழே லூர்து போட்டது போட்டபடி எழுந்து, காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடுவதைப் பரிபூரணம் பால்கனியிலிருந்து பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. அவள் படியிறங்கினாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அடுத்தவர் திரையைப் பார்ப்பது அந்தக் குடியிருப்பில் மகா கேவலம், கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குச் சமம். தன் வீட்டுத் தரையில் முளைத்ததைப் படிப்பது குற்றமே இல்லை, தன் வீட்டுத் தரை அல்லவா. பரிபூரணம் நியாயமான பெண். ஆகவே லூர்துவின் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டாள், திரையில் ஒரு எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை, விரலால் தடவி எண்டர் பொத்தானைக் கண்டுபிடித்து, இருபத்துநாலு தடவை எண்ணித் தட்டினாள். லூர்து செய்திருக்க வேண்டிய கடமையைத்தான் தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது வெற்றுத் திரையின் அடியில், தட்டிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்த ஒரு வரி மட்டும் நின்றது.

41: லூர்து?

அவள் எழுந்து, இரண்டிரண்டு படியாகத் தாண்டி, தன் சமையலறைக்கு ஓடினாள். முதல் வரிகள் ஏற்கெனவே அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தன. மண்டியிட்டுப் படித்தாள்.

41: வந்துட்டியா
வந்தாச்சு
41: இன்னிக்கு நாலாம் நம்பர் பாய்லர் உன்னை மாதிரி, தொட்டாலும் கோபம் தொடாட்டியும் கோபம்
போங்க வேலையைப் பாருங்க
41: காலையில இட்லியில உப்பு இல்ல
அப்பவே சொல்ல வேண்டியதுதானே
41: இ...ன்னு ஆரம்பிச்சேன், நீ இன்னும் ரெண்டு இட்லி வச்சுட்ட
அய்யோ ஆறு தின்னீங்களே
41: சொல்லி முடிக்கிறதுக்குத் தின்னுடறது சுளுவு

பரிபூரணத்தின் கை தானாக வாயைப் பொத்தியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பாய்லர் ஹவுஸில் அழுத்தம் பதிவு செய்ய ஒரு கணினி வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு இல்லாமல் இயந்திரத்துக்குக் கொடுத்த எண் ஆகையால் அது பட்டியலில் இல்லை. சூசை. ஆறு இட்லி தின்ற சூசை. படிப்பதை நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள், வரிகள் வந்துகொண்டே இருந்தன.

41: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், பதினஞ்சு வருசமா வச்சிருக்கேன்
சொல்லுங்க
41: கோயில்ல சாமியார் சம்மதமான்னு கேட்டப்ப நான் நின்னுட்டேன்
ஆமா, ரொம்ப நேரம்
41: எனக்கு இஷ்டமில்லைன்னு உங்க அண்ணன் நினைச்சார், நீயும் நினைச்சியா
நினைச்சேன்
41: இல்ல லூர்து, அந்த ஒரு சொல்லையாவது முழுசா சொல்லணும்னு நின்னேன்
41: அதுக்குள்ள உங்க மாமா எனக்குப் பதிலா சொல்லிட்டார்
41: இப்ப சொல்றேன் பாரு, சம்மதம்
41: சம்மதம் சம்மதம் சம்மதம்
41: இங்க எவ்வளவு வேகமா வருது பாத்தியா
இருங்க கண்ணைத் துடைச்சுக்கறேன்
41: துடை, நான் இங்கதான் இருக்கேன்
கேஸ் லாரி வந்திருக்கு, போயிராதீங்க
41: போகமாட்டேன்

பரிபூரணம் தரையில் உட்கார்ந்து அழுதாள். வெட்கத்தில் அழுதாள், பாதி பொறாமையிலும் அழுதாள், யாரும் அவளுக்காக ஒரு சொல்லைப் பதினைந்து வருஷம் வைத்திருந்ததில்லை. அழுதுகொண்டிருக்கும்போதே கண்முன்னால் முதல் வரி சுவரில் ஏறத் தொடங்கியது, அப்போதுதான் அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரைக்கு மேலே உலகம்மை இருந்தாள், உலகம்மைக்கு மேலே மொட்டைமாடி, ஐந்தரை மணிக்கு அங்கே துணி எடுக்க ஊரே வரும்.

கீழே ஓடினாள். லூர்து புதுச் சிலிண்டரை வாசலில் நிறுத்திவிட்டு, வெறுந்திரையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் தட்டினேன்" என்றாள் பரிபூரணம்.

லூர்து திரும்பினாள். "எத்தனை?"

"இருபத்துநாலு."

"எண்ணித் தட்டினியளாக்கா" என்று மெதுவாகக் கேட்டாள் லூர்து. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது பரிபூரணத்துக்கு.

இரண்டு பேரும் மேலே ஓடினார்கள். ஈரச் சாக்கைச் சுவரில் அடித்துத் தொங்கவிட்டார்கள், எழுத்து சாக்கின்மேல் ஏறியது. சேலையை விரித்துப் பிடித்தார்கள், சேலையில் ஏறியது. பரிபூரணம் சுவரோடு சுவராக முதுகை வைத்து அழுத்தி நின்றாள், "சம்மதம் சம்மதம் சம்மதம்" என்பது அவள் வயிற்றின் மேலாக, கழுத்தின் மேலாக, நெற்றியின் மேலாகக் கடந்து போனது, ஒரு ஈரமோ சூடோ இல்லை. அவள் மன்றத்துக்கு ஓடிப்போய் ஆசைப் புத்தகத்தை இழுத்து, "ஏறுகிற வரியை நிறுத்த வழி வேண்டும், உடனே வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். இத்தனை நாளில் வேறு ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

உலகம்மையிடம் கெஞ்சினார்கள். அவள் நல்லவள்தான், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தாள், சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். ஆனால் மொட்டைமாடிக்கு யார் சத்தியம் செய்வது? மூன்று பிளாக்கின் பெண்களும் துணிக் கூடையோடு வட்டமாக நின்று படித்தார்கள். முதலில் ஆவலாகப் படித்தார்கள், பிறகு ஏமாற்றமாகப் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். "அட, புருஷன்தானா!" என்றாள் ஒருத்தி. அவ்வளவு கெட்ட எண்ணத்தோடு ஏறிவந்த அவர்களுக்கு மனசு லேசாகிவிட்டது. லூர்துமேல் இருந்த சந்தேகமெல்லாம் போய், இப்படி ஒரு புருஷனா என்று வாஞ்சையே வந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஞானதுரைகூட, தட்டாத வீடு இனி இல்லை என்று திருப்தியாகச் சொன்னார். யாரும் கெடுதலாக ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

மறுநாள் சூசை கேன்டீனுக்குப் போனபோது டீ ஆற்றுகிறவர் கண்ணாடிக் கிளாஸை நீட்டி "சம்மதமா?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து "சம்மதம் சம்மதம் சம்மதம்" என்றார்கள், பிரியமாகத்தான் சொன்னார்கள், ஒருவர் அவன் தோளில் தட்டியும் கொடுத்தார். ஷிப்ட் இன்சார்ஜ் பெருந்தன்மையான மனிதர், வேலை நேரத்தில் பேசியதற்கு மெமோ கொடுக்கவில்லை, "தாராளமா பேசுய்யா, நான் கண்டுக்க மாட்டேன்" என்று சொல்லி அந்தக் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல நாற்காலியும் போடச் சொன்னார். சூசை அந்த நாற்காலியில் உட்காரவில்லை. மூன்று மணி வந்தது, கீழ்வீட்டில் லூர்து கணினியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள், கிரீச்சென்ற சத்தம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பரிபூரணம் தரையில் காதை வைத்துக் கேட்டதில் கீழே விசிறி சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. கூடையை இறக்கினால் எடுக்க ஆளில்லாமல் சாத்திய ஜன்னலில் இடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

ஒன்பதாம் நாள் அவள் படிக்கட்டின் கடைசிப் படியில் போய் நின்றுகொண்டாள். ஒன்றேமுக்காலுக்கு சூசை சாப்பாட்டுத் தூக்குடன் வெளியே வந்து, சைக்கிள் பூட்டைத் திறந்தான்.

"தம்பி, நான் செஞ்சது தப்பு" என்றாள் பரிபூரணம். "உங்களைய யாருன்னு தெரியாம சந்தேகப்பட்டுட்டேன். தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப் பேச்சு என்று அவளுக்கே தெரிந்தது.

சூசை சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். கோபமாகத் தெரியவில்லை. வாயைத் திறந்தான், முதல் எழுத்தில் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அவன் என்ன சொல்ல வருகிறான் என்று அவளுக்குள் ஏழெட்டுப் பதில் தயாராக ஓடிவந்தது, பரவாயில்லைக்கா என்பானோ, ஏன் இப்படிச் செஞ்சிய என்பானோ, எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். ஷிப்டுக்குப் போகிறவர்கள் மணி அடித்துக்கொண்டு பக்கத்தில் கடந்து போனார்கள். ஒருவர் "என்ன சூசை, சம்மதமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அவன் அதையும் பொறுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான். அவள் காத்திருந்தாள். அவனும் விடவில்லை.

"ம... மறுநாளைக்குச் சொல்ல ஒ... ஒண்ணு யோ... யோசிச்சு வச்சிருந்தேன் அக்கா."

சொல்லி முடித்துவிட்டு, தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளில் ஏறிப் போனான். அது என்னவென்று கேட்க பரிபூரணத்தின் வாய் தானாகத் திறந்தது. அவள் கேட்கவில்லை.